வீட்டில் கர்நாடக இசைப் பதிவு: அனலாக் எது, டிஜிட்டல் எது, எந்த வரிசையில் வாங்குவது

வீட்டில் ஒலிப்பதிவு செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "அனலாகா, டிஜிட்டலா?" என்றுதான். கேள்வியில் தவறில்லை, கேட்கும் நேரம்தான் தவறு. அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் மூன்றையும் தாண்டிக் குதித்தவர்கள், கடைக்காரர் எடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி கர்நாடக இசையை வீட்டு அறையில் பதிவு செய்கிறவர்களுக்கானது: ஒரு குரல், ஒரு வயலின் அல்லது வீணை, ஒரு மிருதங்கம். கிட்டாரும் டிரம்ஸும் வைத்துப் பாடும் குழுக்களுக்காகச் சொல்லப்படும் யோசனைகள் இங்கே பாதிதான் பொருந்தும். இடைவிடாமல் ஒலிக்கும் சுருதி, அரை மணி நேரத்தைத் தாண்டும் உருப்படி, மிருதங்கத்தின் திடீர் வீச்சு ஆகிய மூன்றும் கருவித் தேர்வையே மாற்றிவிடுகின்றன.

1. கடைக்குப் போகுமுன் எழுதி வைக்க வேண்டியவை

ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாசிப்பார்கள்? மிக நீளமான உருப்படி எத்தனை நிமிடம்? பதிவு எங்கே போகப்போகிறது: வீடியோவுக்கா, குருவிடம் அனுப்பவா, வெளியிடவா? பதிவுக்குப் பிறகு குரலையும் மிருதங்கத்தையும் தனித்தனியாகத் திருத்துவீர்களா?

முதல் கேள்வியின் பதில் எத்தனை மைக், எத்தனை உள்ளீடு என்பதைச் சொல்லிவிடும். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று என்றால் நான்கு. தனியாக அமர்ந்து சாதகத்தைப் பதிவு செய்கிறவருக்கு ஒன்றே போதும்.

"நாளைக்குப் பெரிய குழு வந்தால்?" என்று எட்டு உள்ளீட்டுக் கருவியை வாங்கி, ஆண்டுக்கணக்கில் ஒன்றை மட்டும் பயன்படுத்துகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். உள்ளீடு கூடக் கூட, அதே விலையில் ஒவ்வொரு உள்ளீட்டின் தரமும் குறையத்தான் செய்யும். அடுத்த ஓராண்டில் நிச்சயமாகத் தேவைப்படுவதை மட்டும் எழுதுங்கள்.

2. சங்கிலியைப் பிரித்துப் பாருங்கள்

முழுக்க டிஜிட்டல் என்று ஒரு பதிவு கிடையாது. பாடும்போது காற்றில் எழும் அழுத்த மாற்றத்தை மைக் மின் அலையாக்குகிறது. அது சில மில்லி வோல்ட் அளவே இருப்பதால் ப்ரீஆம்ப் அதைப் பெருக்குகிறது. இதுவரை எல்லாமே அனலாக். அதன் பிறகுதான் மாற்றி எனப்படும் கன்வர்ட்டர் அந்த அலையை எண்களாக்குகிறது. எண்கள் கணினியில் சேர்கின்றன. கேட்கும்போது எண்கள் மறுபடி மின் அலையாகி, ஹெட்போனில் காற்றை அசைக்கின்றன. அதுவும் அனலாக்.

ஆகவே உண்மையில் தீர்மானிக்க வேண்டியது மூன்றுதான். பதிவு எதில் தங்க வேண்டும், டேப்பிலா எண்ணிலா? பல ஒலிகளைக் கலப்பது எங்கே, மிக்சரிலா கணினியிலா? ஒலிக்கு மெருகேற்றுவது எதைக் கொண்டு, தனிக் கருவியாலா மென்பொருளாலா? இந்த மூன்றுக்கும் ஒரே பதில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இப்படிப் பிரித்துப் பார்த்ததும் ஒன்று விளங்கும். சங்கிலியில் தரம் அதிகம் வேறுபடும் கண்ணிகள் எல்லாம் அனலாக் பக்கத்தில்தான் இருக்கின்றன: அறை, மைக், மைக்கை வைக்கும் இடம். இன்று கிடைக்கும் சாதாரண இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கன்வர்ட்டரேகூட வீட்டு அறையின் அமைதியைவிடப் பல மடங்கு சுத்தமானது. பணத்தை முன்பக்கத்தில் போடுங்கள்.

3. எதையும் வாங்காமல் அறையைச் சோதியுங்கள்

கைப்பேசியில் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிவு செய்யும் செயலி ஒன்றை நிறுவி, தானியங்கி ஒலியளவையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைத்துவிடுங்கள். அவை இயங்கினால் அறையின் உண்மையான குணம் தெரியாது.

பாடப்போகும் இடத்தில் கைப்பேசியை வைத்து, ஒரு நிமிடம் அமைதியைப் பதியுங்கள். பிறகு ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். பிறகு மத்திம காலத்தில் நான்கு வரி பாடுங்கள். ஹெட்போனில் கேட்டால் உங்கள் காது இத்தனை நாள் ஒதுக்கிவைத்திருந்ததெல்லாம் வெளியே வரும்: ஃப்ரிட்ஜ், மேல்மாடித் தண்ணீர் மோட்டார், தெருமுனை ஆட்டோ, சுவர்க் கடிகாரம்.

கைதட்டலுக்குப் பின் "ட்ர்ர்ர்" என்று உலோகத்தனமான வால் ஒன்று ஒலித்தால், எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். புடவை நிறைந்த திறந்த அலமாரி, மெத்தை போட்ட கட்டில், இரண்டாக மடித்துத் தொங்கவிட்ட ஜமுக்காளம் இவை உண்மையாகவே உதவும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதில் பயனில்லை. அதன் எடையும் தடிமனும் மேல் அதிர்வெண்களைக்கூடச் சரியாக உறிஞ்சப் போதாது.

மிகச் சிறிய அறையைத் தவிர்த்துவிடுங்கள். பொருள் வைக்கும் அறைக்குள் புகுந்துகொண்டு பாடினால் வெளிச் சத்தம் குறையும்தான். ஆனால் மந்திர ஸ்தாயி சில ஸ்வரங்களில் மட்டும் வீங்கும். தொப்பியின் ஒலி கொழகொழவென்று ஆகிவிடும். படுக்கையறையே மேல்.

இந்தச் சோதனை மைக் வாங்குவதற்கு முன்னால் வர வேண்டியதற்குக் காரணம் உண்டு. ரோட் என்டி1 மைக்கின் சொந்த இரைச்சல் 4.5 டெசிபல். ஆடியோ-டெக்னிகா ஏடி2020இன் சொந்த இரைச்சல் 20 டெசிபல். தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் நகரத்து வீட்டின் நள்ளிரவு அமைதியே 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அரிது. ஃபேன் சுற்றும் அறையில் அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் பணம் காற்றோடு போகும்.

4. இப்போது கேளுங்கள்: டேப்பா, எண்ணா?

டேப்பில் பதிவு செய்யும் ஆசை நியாயமானதுதான். அளவு மிஞ்சும்போது டேப் ஒலியை மெல்ல அழுத்தி உருட்டிவிடுகிறது. காதுக்கு அது இதமாக இருக்கிறது. பிளேபேக்கை நிறுத்தி ஒவ்வொரு பிசிறையும் வெட்டி ஒட்டும் பழக்கமும் வராது. உட்கார்ந்தால் முழுதாகப் பாடி முடிக்க வேண்டும். இந்த ஒழுக்கத்துக்காகவே டேப்பை நாடும் கலைஞர்களை மதிக்கிறேன்.

ஆனால் நம் இசையோடு வைத்துப் பார்த்தால் நான்கு சிக்கல்கள்.

முதலாவது சுருதி. டேப் ஓடும் வேகத்தில் 1 சதவீதம் பிசகினால் ஒலி 17 சென்ட் நகர்ந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு ஸ்வர ஸ்தானங்களுக்கு இடையே உள்ள தூரம் 100 சென்ட். பராமரிப்பில்லாத பழைய கேசட் டெக்கில் இவ்வளவு பிசகு சாதாரணம். அந்தப் பிசகு ஒரே சீராக இல்லாமல் அலைந்தால் இன்னும் மோசம். டிரம்ஸும் கிட்டாரும் முழங்கும் பாட்டில் அந்த அலைச்சல் மறைந்துவிடும். தம்பூரா விடாமல் மீட்டப்படும் பதிவில் மறைய இடமே இல்லை. ஷட்ஜமமே தள்ளாடுவது பயிற்சி இல்லாத காதுக்கும் தெரியும்.

இரண்டாவது இரைச்சல். இரைச்சல் குறைப்பு இல்லாத கேசட்டில் உரத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள தூரம் சுமார் 50 முதல் 55 டெசிபல். விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் கால் அங்குல டேப்பில் அது 65 முதல் 70 வரை எட்டலாம். 16 பிட் (ஒலியின் அளவைக் குறிக்கும் எண்ணின் நீளம்) டிஜிட்டலில் 96. வீணையில் ஒருமுறை மீட்டி, அந்த நாதம் தேய்ந்துகொண்டே போகும்போது இழுத்து வரும் கமகங்கள் எங்கே இருக்கின்றன என்று யோசியுங்கள். ராகத்தின் உயிர் இருக்கும் அந்தத் தேயும் முனைதான் டேப்பின் "ஸ்ஸ்" ஒலியில் முதலில் மூழ்கும்.

மூன்றாவது நீளம். பத்தரை அங்குலச் சுருளில் வழக்கமாக 2,500 அடி டேப் இருக்கும். விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 1979இல் வந்த டீக் நிறுவனத்தின் போர்டாஸ்டுடியோ போன்ற நான்கு ட்ராக் (தனித்தனி ஒலித்தடம்) கேசட் கருவிகள் பல இரட்டை வேகத்தில், ஒரு திசையில் மட்டும் ஓடுபவை. அவற்றில் 90 நிமிடக் கேசட் இருபத்திரண்டரை நிமிடமே தாங்கும். ராகம் தானம் பல்லவி ஒன்றை எடுத்தால், தனி ஆவர்த்தனம் தொடங்குமுன் டேப் முடிந்துபோகும்.

நான்காவது பராமரிப்பு. டேப்பைத் தொட்டுப் பதியும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். காந்தம் ஏறினால் நீக்க வேண்டும். ஹெட் நிற்கும் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். ரப்பர் பெல்ட்டுகள் தளர்ந்தால் மாற்ற வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த சில சுருள் டேப் வகைகள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இதை இரண்டு மடங்காக எண்ணிக்கொள்ளலாம்.

எனவே என் தீர்ப்பு: முதல் கருவியாக டேப் வேண்டாம். சங்கிலி சரியாக ஓடத் தொடங்கிய பிறகு, டிஜிட்டலில் பதிந்த பாட்டை டேப்பில் ஒருமுறை ஓட்டித் திரும்ப எடுத்துப் பாருங்கள். அந்தச் சாயல் பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் மூலப் பதிவு கெடாமல் இருக்கும்.

ஒரு சிலருக்கு டேப் ஆசை வீட்டிலுள்ள பழைய கேசட்டுகளால் வருகிறது. தாத்தா பாடியதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தேவை ஒரு நல்ல நிலையிலுள்ள கேசட் டெக்கும், இன்டர்ஃபேஸில் லைன் உள்ளீடும் (மைக் அல்லாத ஒலிக்கருவிகளைச் செருகும் துளை) மட்டுமே. புதிய பதிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒரே செலவில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

5. மைக்: பணம் போக வேண்டிய இடம்

இரண்டு வகை போதும். டைனமிக் மைக் உறுதியானது, தூரத்து ஒலியை அவ்வளவாக எடுக்காது, மின்சாரம் கேட்காது. கண்டென்சர் மைக் நுணுக்கத்தைப் பிடிக்கும். அதற்கு 48 வோல்ட் பேண்டம் பவர் (மைக் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம்) வேண்டும். அறைச் சத்தத்தையும் அதே நுணுக்கத்தோடு பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாம் படியில் அறை தேறியிருந்தால் குரலுக்கும் வீணைக்கும் கண்டென்சர். தெருச் சத்தம் நிற்காத வீடு என்றால் குரலுக்கு ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக்கைக் கிட்டத்தில் வைத்துப் பாடுவதே புத்திசாலித்தனம். மிருதங்கத்துக்கு எஸ்எம்57 ரக டைனமிக் இரண்டு வைத்தால் வீச்சைத் தாங்கும், பக்கத்துக் குரலையும் குறைவாக எடுக்கும்.

குரல் மைக்கை வாயிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, கொஞ்சம் மேலிருந்து சாய்த்து வையுங்கள். 15 சென்டிமீட்டருக்கும் குறைவாக நெருங்கினால் கீழ் ஒலி மிகைப்பட்டு, கம்பீரம் போலத் தோன்றி, பிறகு சாகித்தியத்தின் எழுத்துகளை விழுங்கும். தூரம் இரண்டு மடங்கானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலி குறையாது. கையசைத்துத் தலையாட்டிப் பாடும் நமக்கு இது பெரிய விஷயம். பாடகரைக் கட்டிப்போட முடியாது. அமரும் இடத்தையாவது குறித்து வையுங்கள்.

வீணைக்கு, குடத்தின் மேல் குதிரையைப் பார்த்தபடி 30 முதல் 50 சென்டிமீட்டர். வீணையில் ஒட்டும் பிக்கப் (அதிர்வை நேராக மின் அலையாக்கும் வில்லை) மேடைக்குச் சரி. பதிவில் அது தந்தியின் கீச்சையும் விரல் உரசலையும்தான் முன்னால் தள்ளும். வேறு வழியில்லை என்றால் அதை மைக் உள்ளீட்டில் செருகாமல், ஹை-இசட் என்றோ இன்ஸ்ட்ருமெண்ட் என்றோ குறித்திருக்கும் உள்ளீட்டில் செருகுங்கள். இப்படி ஒட்டும் பீசோ வகைப் பிக்கப்புக்குக் குறைந்தது 1 மெகா ஓம் எதிர்ப்பு தேவை. அது கிடைக்காவிட்டால் கீழ் ஒலி காணாமல் போய் வீணை தகரமாகக் கேட்கும்.

கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே முக்கியமாக எடுக்கும்) மைக்கின் முதுகுப் பக்கம் கிட்டத்தட்ட செவிடு. குரல் மைக்கின் முதுகு மிருதங்கத்தையோ ஜன்னலையோ பார்க்கும்படி ஆட்களை அமர்த்துங்கள். இது செலவில்லாத திருத்தம், ஆனாலும் பலர் கடைசியில்தான் செய்கிறார்கள். இரண்டு மைக்குகளுக்கு இடையே உள்ள தூரம், ஒவ்வொரு மைக்குக்கும் அதன் ஒலிமூலத்துக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு மைக்கிலும் வெவ்வேறு நேரத்தில் விழுந்து, கலக்கும்போது ஒன்றை ஒன்று அரிக்கும்.

6. இன்டர்ஃபேஸா, மிக்சரா, தனி ரெக்கார்டரா?

அதிகப் பணம் வீணாவது இந்தப் படியில்தான்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது ப்ரீஆம்பும் கன்வர்ட்டரும் ஒரே பெட்டியில் இருப்பது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2 போன்றவற்றில் இரண்டு மைக் உள்ளீடுகள். பெரிங்கர் யூஎம்சி404எச்டியில் நான்கு. ஒவ்வொரு மைக்கும் கணினியில் தனி ட்ராக்காகப் பதியும். திருத்தவும் கலக்கவும் விரும்புகிறவருக்கு இதுதான்.

அனலாக் மிக்சரின் திருகுகளும் தள்ளுவிசைகளும் கையில் பிடிக்கச் சுகமானவை. பத்துச் சேனல் மிக்சரில் யூஎஸ்பி துளை இருப்பதைப் பார்த்து, பத்து ட்ராக் பதியும் என்று எண்ணி வாங்குகிறார்கள். இப்படிப்பட்ட மிக்சர்களில் பலவும் யூஎஸ்பி வழியே அனுப்புவது கலந்து முடித்த இரண்டு சேனலை மட்டுமே. யமஹா எம்ஜி10எக்ஸ்யூவும் அந்த வகைதான். மிருதங்கம் உரத்துப் பதிவாகிவிட்டால் பிறகு அதைத் தனியே குறைக்க வழியில்லை. எல்லாச் சேனலையும் தனித்தனியே அனுப்பும் மிக்சர்களும் உண்டு: சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே யூஎஸ்பி வழியே அனுப்பும், டாஸ்கம் மாடல் 12 எஸ்டி கார்டிலேயே பதியும். வாங்குமுன் விவரத் தாளில் "யூஎஸ்பி எத்தனை உள், எத்தனை வெளி" என்ற ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். கடைக்காரர் வாய்மொழி போதாது.

தனி ரெக்கார்டர், கணினியே பிடிக்காதவர்களுக்கு. விசிறிச் சத்தம் இல்லை, மென்பொருள் தகராறு இல்லை. ஜூம் எஃப்3 போன்ற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டரில் அளவு அமைக்கும் வேலையே அநேகமாக இல்லை. உரத்துப் போன பதிவைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே திணறினால் எந்த ரெக்கார்டராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

யூஎஸ்பி மைக் ஒற்றைக் குரலுக்குச் சரி. "பிறகு இன்னொன்று வாங்கி இரண்டாகச் செருகிக்கொள்வேன்" என்று திட்டமிட்டால் சிக்கல். ஒவ்வொரு யூஎஸ்பி மைக்கிலும் ஒரு கடிகாரம் தனியாக ஓடுகிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடி விலகிவிடும். தனியின் கோர்வை முடிவில் வலந்தலையும் தொப்பியும் வேறு வேறு இடத்தில் விழும். இரண்டு கைப்பேசிகளில் பதிந்து சேர்ப்பவர்களுக்கும் இதே கதி.

7. கேட்பதற்கு

காதை முழுதும் மூடும், பின்பக்கம் அடைத்த கம்பி ஹெட்போன் ஒன்று. திறந்த வகையில் சுருதி கசிந்து மைக்கில் ஏறும். புளூடூத் வேண்டாம், நூறு மில்லி விநாடிக்கு மேல் தாமதம் சாதாரணம். ஸ்பீக்கர்களை அறை சரியாகும் வரை தள்ளிப்போடலாம்.

8. இணைக்கும் வரிசை

எல்லா கெயின் (ப்ரீஆம்ப் ஒலியைப் பெருக்கும் அளவு) திருகையும், ஹெட்போன் அளவையும் பூஜ்யத்தில் வையுங்கள். பிறகு மைக்கை எக்ஸ்எல்ஆர் கேபிளால் செருகுங்கள். அதன் பின்பே 48 வோல்ட்டை இயக்குங்கள். சில விநாடி பொறுத்து, ஹெட்போனை மாட்டி, கெயினை ஏற்றுங்கள். கழற்றும்போது இதையே தலைகீழாக.

காரணம்: பேண்டம் பவர் ஓடும்போது செருகினால் ஒரு பெரிய "டப்" ஒலி வரும், அது காதுக்கும் ஸ்பீக்கருக்கும் கேடு. பழைய ரிப்பன் மைக் இருந்தால் 48 வோல்ட்டைத் தொடவே வேண்டாம்.

விண்டோஸ் கணினியில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் ஏஎஸ்ஐஓ ட்ரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவிய பின்தான் பதிவு மென்பொருளைத் திறக்க வேண்டும். பொதுவான விண்டோஸ் ட்ரைவரில் ஓட்டினால் தாமதம் கூடும், நடுநடுவே "டிக்" என்று ஒலி வெட்டும். மென்பொருளுக்குச் செலவு தேவையில்லை. ஆடாசிட்டி இலவசம், மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்டு உண்டு. பல ட்ராக்குகளைத் திருத்துகிறவர்கள் ரீப்பரை 60 நாள் முயன்று பார்க்கலாம்.

9. அளவு வைப்பது

அனலாக் பழக்கத்தோடு வருபவர்கள் இடறும் படி இது. டேப்பில் இரைச்சலை வெல்ல ஊசியைச் சிவப்புக்குப் பக்கத்தில் தள்ளுவார்கள். சற்று மிஞ்சினால் டேப் மன்னிக்கும். டிஜிட்டலில் 0 டெசிபல் என்பது சுவர். அதைத் தொட்ட அலையின் தலை வெட்டப்படும், திரும்பி வராது.

24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது) என்று அமையுங்கள். 24 பிட்டில் கருவியின் உண்மையான இரைச்சல் தளம் வெகு கீழே கிடப்பதால், தாழ்த்திப் பதிந்தால் எதையும் இழக்க மாட்டீர்கள். 48 கிலோ ஹெர்ட்ஸ் வீடியோவின் வழக்கமான அளவு; மனிதக் காது கேட்கும் 20 கிலோ ஹெர்ட்ஸை அது தாராளமாகத் தாங்கும். 96, 192 எல்லாம் கோப்பைப் பெருக்கும், வீட்டுப் பதிவுக்கு வேறு பயனில்லை.

குரலின் சராசரி மைனஸ் 18 டெசிபல் பக்கம், உச்சம் மைனஸ் 10க்குள் இருக்கட்டும். கெயின் வைக்கும்போது ஆலாபனையின் தொடக்கத்தைப் பாடச் சொல்லக் கூடாது. தார ஸ்தாயியில் உச்சத்தைப் பாடச் சொல்லுங்கள். மிருதங்கக்காரரிடம் "கொஞ்சம் வாசியுங்கள்" என்றால் மெதுவாகத் தட்டிக் காட்டுவார். மோராவையும் தீர்மானத்தையும் முழு வேகத்தில் வாசிக்கக் கேளுங்கள். அப்படி வைத்த அளவிலும் இன்னும் 6 டெசிபல் இறக்குங்கள். பதிவு ஓடத் தொடங்கியதும் எல்லோரும் உரத்துத்தான் வாசிப்பார்கள்.

இந்த அமைப்பில் ஒரு ட்ராக் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 518 மெகாபைட். நான்கு ட்ராக், இரண்டு மணி நேரம் என்றால் 4 ஜிகாபைட்டைத் தாண்டும். இடத்தை முன்பே காலி செய்துகொள்ளுங்கள்.

10. சுருதியும் தாமதமும்

சுருதிப் பெட்டியை மைக்குக்குப் பக்கத்தில் ஒலிக்கவிட்டுப் பாடினால், அது குரலோடு ஒட்டிக்கொண்டு பிறகு பிரியாது. எங்கே வெட்டினாலும் தம்பூரா துண்டாகும். அதன் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டில் செருகித் தனி ட்ராக்காகப் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பாடுங்கள். ஹெட்போனில் பாடக் கூச்சப்படுகிறவர்கள் ஒரு காதை மட்டும் மூடிக்கொள்ளலாம். திறந்த பக்கத்துக் குமிழைக் கன்னத்தோடு அழுத்தி வையுங்கள், கசியாது.

சுருதியைக் கட்டையில் மட்டும் எழுதாதீர்கள். அதிர்வெண்ணையும் எழுதுங்கள். ஒன்றரைக் கட்டை என்றால் 138.6 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டை என்றால் 196 ஹெர்ட்ஸ். பெட்டியின் நுண்சுருதித் திருகு கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் அடுத்த வாரம் பாடும் திருத்தம் பழைய பதிவோடு சேராது.

தன் குரலே தாமதமாகக் கேட்கிறது என்பது புதியவர்களின் பொதுவான புகார். கணினி ஒலியைத் துண்டு துண்டாக வாங்கித் திருப்பித் தருகிறது. துண்டின் அளவு 1,024 மாதிரிகள் (அப்படி அளந்த எண்கள்) என்றால் ஒரு வழிக்கே 21 மில்லி விநாடி. 128 என்றால் 2.7. துண்டைச் சிறிதாக்கினால் பழைய கணினி திணறும். இதற்கு அனலாக் உலகமே நல்ல வழி வைத்திருக்கிறது: இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினால், ஒலி கணினியைச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும். அதை இயக்கியதும் மென்பொருளின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

11. ஹம் வந்தால் தேடும் வரிசை

"ம்ம்ம்" என்று தாழ்ந்த ஒலி வந்தால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். ஹம் நின்றால் குற்றவாளி சார்ஜர். பேட்டரியிலேயே பதியுங்கள், அல்லது எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கில் எல்லாக் கருவியையும் ஒரே பலகையில் செருகுங்கள். எர்த் முனையை உடைத்தோ துண்டித்தோ ஹம்மைப் போக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உலோக மைக்கில் உதடு படும்.

நிற்கவில்லையா? மின்னணு ஃபேன் ரெகுலேட்டரையும் மங்கலாக்கும் விளக்கையும் அணைத்துப் பாருங்கள். "ஜிர்ர்" என்ற கூர்மையான ஒலி வழக்கமாக அங்கிருந்துதான் வரும். சதுர அலை இன்வெர்ட்டரில் வீடு ஓடும் நேரத்தில் பதிவே வேண்டாம். கடைசியாகத்தான் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். பலர் கேபிளில் தொடங்கி, மூன்று கேபிள் வாங்கிய பிறகு சார்ஜருக்கு வருகிறார்கள்.

கண்டென்சர் மைக் மழைக்காலத்தில் பொரிவது போல் ஒலித்தால் உள்ளே ஈரம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்திருங்கள், உலர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

12. அனலாக் கருவியை எப்போது சேர்ப்பது?

தனி ப்ரீஆம்ப், வால்வு கம்ப்ரசர் (உரத்த ஒலியை அழுத்திக் குறைக்கும் கருவி) போன்றவை மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காக ஓடிய பிறகு. மைக்கை இடம் மாற்றினால் வரும் வித்தியாசம் ப்ரீஆம்பை மாற்றினால் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிது என்பதைக் காதால் உணர்ந்தவருக்குத்தான் அவை பயன்படும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஷூர் எஸ்எம்7பி போன்ற மென்வெளியீட்டு டைனமிக் மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும். சிறிய இன்டர்ஃபேஸ்கள் சில அங்கே மூச்சுத் திணறி இரைச்சல் போடும். அப்போது இடையில் ஒரு பெருக்கி தேவை. அது அவசியம், அலங்காரமில்லை.

கம்ப்ரசரைப் பதிவின்போதே போடாதீர்கள். மென்பொருளில் பிறகு போட்டதை நீக்கலாம்; வெளிக்கருவி அழுத்திப் பதிந்துவிட்டால் மனோதர்மத்தில் பாடகர் வைத்த ஏற்ற இறக்கம் திரும்பாது.

13. பதிவு முடிந்ததும், எழுந்திருக்குமுன்

கோப்புக்குத் தேதி, ராகம், தாளம், சுருதி நான்கும் உள்ள பெயர் வையுங்கள். மூல வேவ் கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள்; இன்னொரு நகல் வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். எம்பி3 ஆக்கியதும் மூலத்தை அழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்பி3 அனுப்புவதற்கு மட்டும். மைக் இருந்த இடத்தைத் தரையில் நாடா ஒட்டிக் குறித்து, கெயின் திருகுகளையும் ஆட்களின் அமர்வையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மிருதங்கக்காரரை விடைகொடுத்து அனுப்பலாம்.